புல்தரை போகட்டும், ஆவாரை வரட்டும்

வாசகர் கேள்வி – பதில்: தோட்டம்

காய்ந்து கிடக்கும் அடுக்ககப் புல்தரையை நாட்டுச்செடித் தோட்டமாக மாற்றுவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் குடியிருப்பில் 5,000 சதுர அடிக்குக் கொரியன் புல் இருக்கிறது. பாதி காய்ந்துவிட்டது, மீதியில் கோரை. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம். எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடிகள் வைக்கலாம் என்றால் சங்கத்தில் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். உண்மையில் எவ்வளவு தண்ணீர் மிச்சமாகும்? எப்போது தொடங்குவது?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர், மேடவாக்கம்

கணக்கைப் பார்த்துவிடுவோம். சென்னைக் கோடையில் புல் பச்சையாக நிற்க நாளுக்குச் சுமார் 5 மி.மீ. தண்ணீர் வேண்டும். அதாவது சதுர மீட்டருக்கு 5 லிட்டர். 5,000 சதுர அடி என்பது 465 சதுர மீட்டர். நாளுக்கு ஏறத்தாழ 2,300 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று ஐந்தே நாளில் காலி. இதை ஒரு தாளில் எழுதிக் கூட்டத்தில் வையுங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கும்.

மீதிப் பாதி எதிர்ப்பு பெரும்பாலும் குழந்தைகள் விளையாடும் இடம் போய்விடுமே என்பதுதான். அது நியாயமான கவலை. ஆகவே முழுப் புல்லையும் எடுக்காதீர்கள். கால்வாசி, அதாவது 1,250 சதுர அடியை விளையாட்டுக்கு விட்டு, அங்கே கொரியன் புல்லுக்குப் பதில் அருகம்புல் வையுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் அருகு பழுப்பாகிப் படுத்துவிடும். மண்ணுக்குள் தண்டு உயிரோடு இருக்கும். ஒரு மழை பெய்தால் எழுந்துவிடும். பாதியில் குறுஞ்செடிகள், மீதிக் கால்வாசி நடைபாதை, உட்காரும் திண்ணை.

மிச்சம் முதல் நாளே வராது என்பதையும் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். 2,500 சதுர அடியில் 4 அடி இடைவெளியில் சுமார் 155 குறுஞ்செடிகள் பிடிக்கும். முதல் கோடையில் செடிக்கு வாரம் 10 லிட்டர் என்றால் 1,550 லிட்டர். அதே இடத்துப் புல்லுக்கு வாரம் 8,000 லிட்டர் போகும். மூன்றாம் வருடத்தில் அந்த 1,550-ம் ஏறக்குறைய நின்றுவிடும்.

எப்போது தொடங்குவது? ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மானாவாரி விதைப்புக்குச் சொன்னது. வடகிழக்குப் பருவமழையை நம்பும் சென்னைக்கு, கன்று நட ஏற்ற காலம் புரட்டாசி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: மார்ச்சில் தண்ணீரை நிறுத்துவது, ஏப்ரல்–மே வெயிலில் புல்லைக் கொல்வது, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோரையோடு மல்லுக்கட்டுவது, செப்டம்பரில் மண் வேலை, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் நடவு. கார்த்திகைப் புயல் வருவதற்குள் கன்று வேர்பிடித்திருக்க வேண்டும்.

புல்லின் மேல் அட்டைப்பெட்டி விரித்து அதன் மேல் சருகு போட்டால் புல் செத்துவிடும் என்று வீடியோ பார்த்துச் செய்தோம். இரண்டே மாதத்தில் அட்டையைக் கறையான் தின்றுவிட்டது. கோரை முன்னைவிட ஜோராக வளர்கிறது. மருந்தடிக்கலாமா?
— வேளச்சேரி

அட்டை முறை குளிர்நாட்டில் நன்றாக வேலை செய்யும். நம் ஊர்க் கறையானுக்கு அது விருந்து. கொரியன் புல்லைக்கூட அட்டை ஒருவேளை அடக்கும், கோரையை அடக்காது. ஊசிபோல் இருக்கும் அதன் முளை அட்டையை மட்டுமல்ல, மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் குத்திக்கொண்டு மேலே வரும்.

உங்கள் இடத்தில் இருப்பது கோரைதானா என்று முதலில் பாருங்கள். ஒரு பூத்தண்டைப் பறித்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால், புல்லானால் வழுக்கிக்கொண்டு உருளும். கோரையானால் மூன்று பட்டையாகத் தட்டும். இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும். மண்ணைக் கவனமாக எடுத்துப் பார்த்தால் கறுப்பு மணிகளை மெல்லிய கம்பியில் கோத்ததுபோல் கிழங்குகள் சங்கிலியாக இருக்கும். பெரும்பாலானவை மேல் அரை அடிக்குள்; சில ஓர் அடிவரை இறங்கும்.

ரோட்டவேட்டரோ பவர் டில்லரோ கொண்டுவந்து உழுதுவிடாதீர்கள். சங்கிலியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு மணியையும் தனிச் செடியாக்கிவிடும்.

செய்யவேண்டியது இரண்டு கட்டம். ஏப்ரலில் புல்லை மண்ணோடு ஒட்ட வெட்டி, தரையை முழங்கை ஆழத்துக்கு நனைத்து, 50 மைக்ரான் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை மண்ணோடு படிய விரியுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். அதில் தாள்தான் சூடாகும், மண் அவ்வளவு சூடாகாது. ஓரங்களை அரை அடிப் பள்ளத்தில் புதைத்து மண் போட்டு மிதியுங்கள். காற்று புகுந்தால் சூடு நிற்காது. ஆறு வாரம் அப்படியே விடுங்கள். மர நிழல் விழும் இடத்தில் இது பலிக்காது, அங்கே மண்வெட்டிதான்.

இதில் கொரியன் புல்லும் மேல்மண்ணில் கிடக்கும் களை விதையும் பெரும்பாலும் வெந்துவிடும். ஆழத்துக் கோரைக்கிழங்கு தப்பிவிடும். அதற்காகத்தான் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விட்டு வைத்திருக்கிறோம். தாளை எடுத்ததும் ஒரு தடவை தண்ணீர் விட்டு, வேண்டுமென்றே கோரையை முளைக்க விடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நாலு பல் ஃபோர்க்கால் மண்ணை நெம்பிக் கிழங்கோடு எடுங்கள். நாள் கடத்தினால் புதுக்கிழங்கு வைத்துவிடும். எடுத்ததை உரக்குழியில் போடாமல் சிமென்ட் தரையில் பரப்பி மொரமொரவென்று காயவிடுங்கள். நாலு சுற்று எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சியதைச் செடிகளே பார்த்துக்கொள்ளும்; கோரைக்கு நிழல் ஆகாது. குறுஞ்செடிகள் கூடி நின்றபின் அதன் ஆட்டம் அடங்கிவிடும்.

மருந்து என்று நீங்கள் கேட்பது கிளைபோசேட் என்ற களைக்கொல்லியாக இருக்கும். 2022-ல் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று வரையறுத்தது. குழந்தைகள் உருளும் இடத்தில் வாட்ச்மேன் கையில் ஸ்பிரேயரைக் கொடுத்து அடிக்கச் சொல்வதற்கு நாங்கள் ஒப்பமாட்டோம்.

அரை அடி தோண்டினால் செங்கல் துண்டும் சிமென்ட் கலவையும் வருகிறது. இட்லிப்பூச் செடி வைத்தால் மஞ்சளாகிவிடுகிறது. லாரியில் செம்மண் அடித்துவிடலாமா?
— பெருங்குடி

கட்டடம் கட்டியவர் மிச்சக் கலவையை அங்கேயே புதைத்து, மேலே நாலு அங்குலம் செம்மண் போட்டுப் புல்லை ஒட்டியிருக்கிறார். அதன் மேல் இன்னும் செம்மண் அடித்தால் லாரியோடு புதுக் கோரைக்கிழங்கும் வந்து சேரும்.

தண்ணீர் இறங்குகிறதா என்று பாருங்கள். ஓர் அடி நீள அகல ஆழத்துக்குக் குழி வெட்டி நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஓர் அங்குலத்துக்குக் கீழே என்றால் மண் இறுகிக் கிடக்கிறது. நடும் இடத்தில் மட்டும் கடப்பாரையால் ஒன்றரை அடிக்கு உடைத்து, பெரிய சிமென்ட் கட்டிகளைப் பொறுக்கி எடுத்து, வந்த மண்ணோடு கால்பங்கு மட்கிய உரம் கலந்து அதையே திரும்பப் போடுங்கள். அப்படியும் வடியாவிட்டால் அரை அடி உயரத்துக்கு மண்மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்.

இட்லிப்பூ மஞ்சளாவது சிமென்ட் சுண்ணாம்பால். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் தெளித்தால் தற்காலிகமாகத் தேறும். அந்த இடத்துக்கு ஆவாரையோ நொச்சியோ வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அடியில் கார் பார்க்கிங் இருக்கிறதா என்று வரைபடத்தைப் பாருங்கள். இருந்தால் மரம் கூடாது. மேடு கட்டுவதும் கூடாது. ஈரமண் ஓர் அடி உயரத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் கனக்கும். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு கூடை மண்கூட ஏற்றாதீர்கள்.

வறட்சி தாங்கும் செடி கேட்டதற்கு நர்சரியில் போகன்வில்லா, வெடிலியா, அகேவ், கற்றாழை, நித்யகல்யாணி, கோனோகார்பஸ் என்று பட்டியல் தருகிறார்கள். இவை நாட்டுச்செடிகளா?
— மதுரை

ஒன்றுகூட இல்லை. போகன்வில்லா தென்னமெரிக்கா, அகேவ் மெக்சிகோ பக்கம், நித்யகல்யாணி மடகாஸ்கர். கற்றாழைகூட அரேபியாவிலிருந்து வந்ததுதான். வறட்சி தாங்குவது வேறு, இந்த மண்ணுக்குச் சொந்தமாக இருப்பது வேறு. ஏற்கெனவே ஓரத்தில் நிற்கும் போகன்வில்லாவைப் பிடுங்கச் சொல்லமாட்டோம். அது பாட்டுக்கு இருக்கட்டும். வெடிலியாவை மட்டும் உள்ளே விடாதீர்கள். மஞ்சள் பூவோடு அழகாகப் படரும், பிறகு எதையும் வளரவிடாது, கணுவுக்குக் கணு வேர்விடும். கோனோகார்பஸ் மரமும் வேண்டாம், அதை குஜராத் 2023-ல் தடை செய்தது.

சரி, எந்தச் செடியை எங்கே வைப்பது? விலைக்குக் கிடைக்காததை நாங்களே வளர்க்க முடியுமா?
— தாம்பரம்

சென்னையிலிருந்து தெற்கே கடலோரமாகப் பழைய காடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் கிண்டி தேசியப் பூங்காவுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்கும் போய்வாருங்கள். இலை உதிராத குட்டை மரங்கள், முள் புதர்கள், கொடிகள். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் நிற்பவை. நம் பட்டியல் அங்கிருந்துதான் வரவேண்டும்.

சுவரோரம், வெயில் கொளுத்தும் இடம்: ஆவாரை, விராலி, நொச்சி. அரை நிழல்: ஆடாதொடை, குருந்து, கனகாம்பரம், செம்முள்ளி. ஆள் ஏறிக் குதிக்கும் மூலையில் கிளா. முள் இருக்கும், பழமும் கிடைக்கும். நிதானமாக வளர்ந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்குக் காசான்: கோடையில் கிளையோடு ஒட்டவைத்ததுபோல் நீல ஊதாப் பூ கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். அதற்காகவே ஒன்றாவது வையுங்கள். மரம் வேண்டுமானால் கட்டடத்திலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் 15 அடி தள்ளி வெப்பாலை, சரக்கொன்றை, மகிழம்.

புல்போல் தரையை மூட பொடுதலை. தண்டுத் துண்டுகளை அரை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் மழைக்காலத்திலேயே மூடிவிடும். தீக்குச்சித் தலை அளவு பூவுக்குத் தேனீக்கள் வரும். வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் இருக்கும் இடத்தில் பூவை அவ்வப்போது வெட்டிவிடுங்கள். கோடையில் அதற்கு வாரம் ஒரு தண்ணீராவது வேண்டும்.

முதல் வருடம் தோட்டம் மொட்டையாகத் தெரியும், ‘இதற்கா புல்லை எடுத்தீர்கள்’ என்று கேட்பார்கள். இடைவெளியில் துத்தி, தும்பை, சிறுபீளை விதைகளைத் தூவிவிடுங்கள். ஆவாரையும் சிறுபீளையும் தோட்டத்தில் இருந்தால் போகியன்று காப்புக்கட்டுக்குக் கடையில் கட்டு வாங்க வேண்டாம், வேப்பிலை மட்டும் தேடினால் போதும்.

வளர்ப்பது கஷ்டமில்லை. ஆவாரை, சரக்கொன்றை, விராலி விதைகளுக்குத் தோல் கெட்டி. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பிய விதைகளை விதைத்து, உப்பாததற்கு மறுபடி வெந்நீர். ஆவாரைக்கு ஆணிவேர் சீக்கிரம் இறங்கும். பையில் இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், முடிந்தால் நேராக மண்ணிலேயே விதையுங்கள். நொச்சியும் ஆடாதொடையும் பென்சில் தடிமக் குச்சியை முக்கால் அடிக்கு வெட்டி, பாதி புதைய ஊன்றினால் வந்துவிடும். சாலையோரத்தில் விதை பொறுக்கலாம். காப்புக்காட்டுக்குள் போய்ச் செடி பிடுங்குவது குற்றம்.

விலைக்கு வாங்கினால் ஒரு அடி, ஒன்றரை அடிக் கன்றாக வாங்குங்கள். ஆறடி மரத்தைப் பையோடு வாங்குவது வெறும் காசு விரயம். பைக்குள்ளேயே வேர் சுருண்டு சுருண்டு கயிறாகியிருக்கும்.

சொன்னபடி ஆவாரை, விராலி 40 கன்று வைத்தோம். தினமும் தோட்டக்காரர் தண்ணீர் விடுகிறார், மாதம் ஒருமுறை யூரியாவும் வைத்தோம். பாதி அழுகிவிட்டது. வறட்சியையே தாங்கும் செடி ஏன் சாக வேண்டும்?
— கோயம்புத்தூர்

வறட்சியைத் தாங்கும், உபசாரத்தைத் தாங்காது. கன்றின் அடித்தண்டை மண்ணோடு சேரும் இடத்தில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பட்டை பழுப்பாகி வழவழவென்று உரிந்தால் அது தண்டழுகல். காரணம் தினசரித் தண்ணீர், தண்டோடு ஒட்டிக் குவித்த சருகு, அல்லது பையில் இருந்ததைவிட ஆழமாக நட்டது. பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மேல் இரண்டு அங்குலம்தான் நனையும். வேருக்குக் கீழே போக வேண்டிய தேவையே வராது. பிறகு நாலு நாள் ஊருக்குப் போனால் செடி சுருண்டுவிடும். ஆகவே நட்ட முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் 3 முதல் 5 லிட்டர். அடுத்த இரண்டு மாதம் வாரம் இரண்டு முறை. மழை பெய்த வாரம் ஒன்றும் வேண்டாம். முதல் கோடையில் வாரம் ஒருமுறை 10 லிட்டர், இரண்டாம் கோடையில் 15 நாளுக்கு ஒருமுறை. மூன்றாம் வருடம் இலை மதியம் வாடி, மறுநாள் காலையிலும் நிமிராவிட்டால் மட்டும் ஊற்றுங்கள். மதியம் மட்டும் வாடுவது பயப்படும் விஷயமல்ல. சொட்டுநீர் போட்டால் மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் இரண்டு, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி. ஒன்றேகால் மணி நேரம் ஓடினால் 10 லிட்டர்.

யூரியா வேண்டவே வேண்டாம். தண்டு நீண்டு கொழகொழவென்று வளர்ந்து காற்றுக்குச் சாயும், மாவுப்பூச்சி வரும். நடும்போது குழிக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் கொஞ்சம் மட்கிய உரமும் போட்டால் அதோடு சரி.

மூடாக்கு, அதாவது மண்மேல் பரப்பும் சருகு, மூன்று அங்குலம், தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு. 1,000 சதுர அடிக்கு ஏழு கன மீட்டர் சருகு, ஏறக்குறைய 70 சாக்கு பிடிக்கும். சருகைக் கறையான் தின்றால் தின்னட்டும், அது அதன் வேலை. காய்ந்து தவிக்கும் கன்றைத்தான் அது தொடும்.

புதர் வைத்தால் பாம்பும் கொசுவும் வரும் என்கிறார்கள்.
— ஆவடி

பாம்பு வருவது எலிக்கு, எலி வருவது குப்பைத்தொட்டிக்கு. அதை மூடுங்கள். பாதையின் இருபுறமும் மூன்றடிக்கு முழங்காலுக்குக் கீழான செடி மட்டும், புதர்களின் அடிக்கிளையை ஓர் அடி உயரம்வரை கழித்துவிட்டு மண் தெரியும்படி வையுங்கள். பொறுக்கியெடுத்த செங்கல் துண்டுகளை மூலையில் குவித்து வைப்பதுதான் உண்மையான ஆபத்து. இரவில் பாதையில் விளக்கு இருக்கட்டும்.

டெங்குக் கொசு இலையில் உற்பத்தியாவதில்லை, தேங்கிய தண்ணீரில்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம் வேண்டும். மழைநீர் இறங்க வெட்டும் பள்ளங்கள் இரண்டு நாளில் வடிந்துவிட்டால் கவலையில்லை. வடியாத பள்ளத்தை மூடிவிடுங்கள். பூந்தொட்டித் தட்டுகளையும் கவனியுங்கள். புதரைத் திட்டுபவர்கள் பால்கனியில் அதைத்தான் வைத்திருப்பார்கள்.

பயப்பட வேண்டியவை வேறு: குன்றிமணி, ஊமத்தை, அரளி, எருக்கம்பால். மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் கடும் விஷம். விளையாடும் பக்கம் இவை வேண்டாம்.

மியாவாக்கி முறையில் நெருக்கமாக நட்டால் சீக்கிரம் காடாகிவிடுமே?
— திருச்சி

ஆகிவிடும், ஆனால் நீங்கள் உள்ளே போக முடியாது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்றுகள். முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீரும் ஏராளமாகக் கேட்கும். ஊருக்கு வெளியே காலி நிலத்துக்குச் செய்யுங்கள். நாலு பேர் உட்கார்ந்து பேசும் இடத்துக்கு அது பொருந்தாது.

எங்களிடம் இருப்பது உப்பு போர்த்தண்ணீரும் கழிவுநீர் சுத்திகரிப்புத் தண்ணீரும்தான். இலை நுனி கருகுகிறது, மண்ணில் வெள்ளையாகப் பூக்கிறது.
— தூத்துக்குடி

வெள்ளைப் பூப்பு உப்பு. தண்ணீர் ஆவியாகும்போது மேலே விட்டுவிட்டுப் போவது. தினமும் கொஞ்சமாக விட்டால் உப்பு வேரடியிலேயே தங்கும். விடும்போது நிறைய, விட்டு விட்டு விடுங்கள், உப்பு கீழே இறங்கட்டும். இலைமேல் படாமல் விடுங்கள். மூடாக்கு இருந்தால் ஆவியாவது குறையும், வெள்ளையும் குறையும். அக்டோபர் மழை முழுவதையும் தோட்டத்துக்குள் இறக்குங்கள். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 மி.மீ. மழைக்கு 900 லிட்டருக்கு மேல் விழும். அது இறங்கினால் உப்பும் கழுவிப்போகும். புங்கன், பூவரசு, புன்னை, நொச்சி, வெட்டிவேர், மணலானால் அடம்புக்கொடி. இவை தாங்கும். சுத்திகரிப்புத் தண்ணீர் சொட்டுவானை அடைக்கும். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

ஆவாரையில் பச்சைப் புழு மொய்த்து இலையே இல்லை. என்ன அடிப்பது?
— சேலம்

எதுவும் அடிக்காதீர்கள். அவை மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். அதற்குத்தானே ஆவாரை வைத்தீர்கள்? இரண்டு மூன்று வாரத்தில் இலை திரும்ப வரும். குருந்திலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழுவும் அப்படித்தான். ஒன்று சொல்லிவிடுகிறோம்: 2019-ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் மேற்கு மலைத்தொடரின் பூச்சி, சேலத்து மாடித் தோட்டத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

எல்லாம் நட்டாயிற்று. இனி யார் பார்த்துக்கொள்வது? ஒப்பந்தத் தோட்டக்காரர் புல் வெட்டித்தான் பழக்கம்.
— போரூர்

இந்தத் தோட்டத்தின் முதல் எதிரி பிரஷ் கட்டர் இயந்திரம். களையை வெட்டும்போது அதன் நைலான் கயிறு கன்றின் அடியில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் பட்டை வளையமாக உரிந்துவிடும். மேலே பத்து நாள் பச்சையாகவே இருக்கும், பிறகு திடீரென்று காயும். ‘தண்ணீர் போதவில்லை’ என்று இன்னும் ஊற்றுவார்கள். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஓர் அடிக்கு மூன்று மூங்கில் குச்சி நட்டு, உள்ளே கைக்களை மட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தத்திலேயே ‘தினசரித் தண்ணீர், மாதமொரு கத்தரிப்பு’ என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அது இருக்கும்வரை அவர் அதைத்தான் செய்வார், அவர்மேல் குற்றமில்லை. கத்தரிப்பு வருடத்துக்கு ஒருமுறை, தை முடிந்து ஆவாரைப் பூ குறைந்ததும், மூன்றில் ஒரு பங்கு.

குடியிருப்பவர்கள் செய்ய வேண்டியது களை. முதல் வருடம் வாரம் இரண்டு மணி நேரம், ஆறு பேர் போதும். ஆளுக்கு 400 சதுர அடியாகப் பிரித்து, அந்தந்தப் பாத்தியில் பெயர்ப்பலகை வையுங்கள். செடியின் பெயரும் பார்த்துக்கொள்பவர் பிளாட் எண்ணும். பொதுவாக எல்லோருக்கும் என்று விட்டால் மூன்றாம் வாரம் யாரும் வரமாட்டார்கள். துத்தியையும் தும்பையையும் களை என்று பிடுங்கிப் போடாமல் இருக்க, முதல் நாளே அவற்றின் நாற்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் காட்டிவிடுங்கள்.